திருவாசகமும் கூட்டுக்குரலும்

இளையராஜா திருவாசகத்துக்கு இசையமைத்து, புடாபெஸ்ட் சிம்பொனி வாத்தியக் குழுவையும் மேனாட்டுப் பாடகரையும் கொண்டு பதிவு செய்து 2005-ஆம் ஆண்டு வெளியிட்டபொழுது எழுந்த ஆரவாரம் கொஞ்சமன்று. சிம்பொனி என்று விளம்பரம் செய்தனர். தனிக்குரலும் கூட்டுக்குரலும் வாத்தியமும் சேர்ந்து நடக்கும் தெய்விக இசையை மேனாட்டார் ஆரட்டோரியோ என்பர். இஃது அவ்வகையைச் சார்ந்தது. பெயர்ச் சண்டை நமக்கு வேண்டாம். நிற்க.

திருவாசகத்தைப் பலர் கூடிப் பாடுவது நம் மரபா என்று வைதிக நண்பர் ஒருவர் என்னைக் கேட்டார். ஓதுவார் தனித்து நின்று மோகனத்தில் ஓதுவதே முறை என்பது அவர் கட்சி. அவர் நூலைப் புரட்டிப் பார்த்தவர் அல்லர் போலும்! திருவெம்பாவை, பெண்கள் ஒருத்தியை ஒருத்தி எழுப்பிப் பாடுவது. அம்மானை, சாழல், உந்தியார், பொன்னூசல் எல்லாம் கூடி ஆடுவோர் பாட்டுக்கள். யாத்திரைப்பத்தோ அடியார் கூட்டத்தையே பயணத்துக்கு அழைப்பது. கூட்டத்துக்கென்று எழுந்த பாட்டை ஒருவர் வாயில் விட்டுவிட்டு, அதுவே மரபென்று நாம் சாதிக்கின்றோம்.

இளையராஜா இதனை அறியாதவரல்லர். 1943-இல் பண்ணைப்புரத்திற் பிறந்த அவர், தமையனார் பாவலர் வரதராசன் பொதுவுடைமை மேடைகளிற் பாடிய குழுவிலே வளர்ந்தவர். தன்ராஜ் மாஸ்டரிடம் மேனாட்டிசை பயின்றது அதற்குப் பின். முதற் பாட்டாக யாத்திரைப்பத்தை எடுத்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஆனால் 'பொல்லா வினையேன்' என்னும் பகுதியில் எனக்குக் குறையுண்டு. பிறவிதோறும் இளைத்த உயிரின் முறையீடாகிய அவ்வடிகளுக்கிடையே, அமெரிக்கர் ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள் நுழைகின்றன. ஆங்கிலவழிக் கல்வி கற்ற எனக்கு அவை விளங்காமலில்லை; விளங்குவதே இடையூறு. உருகி நிற்கும் வேளையில் ஒருவர் பக்கத்தில் வந்து பதவுரை சொல்லுவது போலிருக்கிறது.

திருப்பொற்சுண்ணத்துக்கு வாருங்கள். சுண்ணம் இடிக்கும் பெண்கள் பாட்டு அது. அங்கே பதவுரைகாரர் இல்லை. தமிழ்க்குரல்கள் பல சேர்ந்தெழ, உலக்கை விழும் தாளம் காதில் விழுகின்றது. கெலுகோரிலிருந்து பினாங்குப் பாலம் கடந்து செபராங் பிறைத் தோட்டத்துக்குக் கிராணி வேலைக்குப் போகையில் இதனை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன், சலித்ததில்லை.

சென்ற மார்கழியில் தோட்டக் கோயிலில் இதனைப் பெண்பிள்ளைகள் கூடிப் பாடட்டுமே என்றேன். "தம்பி, சினிமாக்காரர் மெட்டைச் சாமி முன்னே பாடலாமா?" என்றார் பெரியவர் ஒருவர். மெட்டுத்தானா தடை? பழைய முறையிலேயே ஓதவந்த ஆறுமுகசாமி என்னும் முதிய ஓதுவார், தில்லைத் திருச்சிற்றம்பல மேடையில் தமிழ் பாடுவதற்கு, 2008 மார்ச்சில் அரசாங்க உத்தரவும் போலீசார் காவலும் வேண்டியிருந்தனவே! யார் பாடுவது என்பதன்றோ வழக்கு?

பெரியவருக்கு இதனைச் சொன்னேன். அவர் விடை சொல்லவில்லை, தடுக்கவுமில்லை. ஒன்பது பெண்கள் பாடினர். வாத்தியம் இல்லை. தாழ்ந்த குரலுக்குரிய மூவரும் நடுவிலே மெட்டைத் தவறவிட்டு, மற்றவரோடு சேர்ந்துகொண்டனர். மறுவாரமும் பாட வந்தனர், அப்பொழுது பன்னிருவர்.