பிழையை விற்றல்: பழைய லென்ஸ்கள் குறித்துச் சில குறிப்புகள்

பழைய லென்ஸுக்கு ‘ஆன்மா’ இருக்கிறது என்கிறார்கள். டிஜிட்டல் காமிரா எடுப்பது துல்லியமான படம், ஆனால் செத்த படம். ஃபிலிம் காலத்து லென்ஸை அதில் மாட்டினால் உயிர் வந்துவிடும் அப்படீங்கிறது வாதம். யாராவது ஆன்மா என்று பேச ஆரம்பித்தால் பின்னால் என்ன வியாபாரம் நடக்கிறது என்று பார்ப்பது நமக்குப் பழகிய வேலை. இதையும் பார்த்துவிடலாம்.

இன்று அதிகம் கொண்டாடப்படுகிற ஹீலியோஸ் 44-2 லென்ஸை எடுத்துக்கொள்வோம். 58 மி.மீ., துளை எஃப்/2. சோவியத் நாட்டில் ஜெனித் காமிராவோடு லட்சக்கணக்கில் செய்து தள்ளிய சாதாரணச் சரக்கு. துளையை முழுக்கத் திறந்து ஒரு முகத்தை எடுத்தால் பின்னாலிருக்கும் ஒளிப்பொட்டுகள் சுழல்போல வட்டமிடும். இந்தச் சுழல்தான் ‘ஆன்மா’. நடப்பது என்ன? ஓரத்திலிருந்து சாய்வாக வரும் ஒளியில் ஒரு பகுதியை லென்ஸின் குழலே மறைத்துவிடுகிறது. வட்டப் பொட்டு பூனைக்கண் மாதிரி நசுங்குகிறது. திருத்தாமல் விட்ட பிறழ்வுகளும் சேர்ந்துகொள்கின்றன. துளையை எஃப்/8க்குச் சுருக்குங்கள், ஆன்மா காணாமல் போய்விடும்! கூர்மைதான் அளவுகோல் என்று நிறுவிய அதே சந்தை, கூர்மை எல்லோர் கைக்கும் வந்தபிறகு, பிழையை அபூர்வமாக்கித் திருப்பி விற்கிறது. 2024ல் வந்த ‘ட்யூன்’ இரண்டாம் பாகத்துக்கே சோவியத் லென்ஸ்களைப் புதுக் கூட்டில் பொருத்திப் பயன்படுத்தினார்கள்.

வரலாற்றைக் கழுவினால்தான் ஒரு பண்டம் ஆன்மா ஆகமுடியும். ஹீலியோஸின் மூல வடிவம் ஜெர்மனியில் யேனா நகரத்து ஸைஸ் நிறுவனத்தின் பயோட்டார். நாஜி ஆட்சியில் கட்டாய உழைப்பாளிகளை வேலைவாங்கிய நிறுவனம் அது. 1945ல் அமெரிக்கப் படை அங்கிருந்த நிபுணர்களை மேற்கே கூட்டிப்போனது. பிறகு வந்த சோவியத் படை எந்திரங்களையும் வரைபடங்களையும் போர் ஈடாகப் பெயர்த்தெடுத்தது. 1946ல் ஆட்களையும் கொண்டுபோனது. சுழலை ரசிப்பவர்களுக்கு இதெல்லாம் வேண்டாத கதை.

இன்னொன்று, சுழல் பின்னணியை அழிக்கிறது. கூலியாளின் முகம் மட்டும் துலங்கும். அவர் நிற்கிற இடம், கூட நிற்கிற ஆள், சுவரில் எழுதிய கோஷம் எல்லாம் கரைந்துபோகும். இதற்கு ‘மனிதாபிமானம்’ என்று பெயர். 1932ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடிய எஃப்/64 குழு, சுருக்கிய துளையையே தன் பெயராக வைத்துக்கொண்டது. முன்னும் பின்னும் துலங்குவது மட்டுமே அரசியல் ஆகிவிடாதுதான். ஆனால் இடத்தை அழித்துவிட்டு அரசியல் பேசமுடியுமா?

அப்படியானால் பழைய லென்ஸைத் தூக்கிப் போட்டுவிடலாமா? கூடாது. அதில் பெருமதி உள்ள ஒரு விசயம் இருக்கிறது: பின்னாலுள்ள மரை. 42 மி.மீ. விட்டம், 1 மி.மீ. புரி இடைவெளி. கிழக்கு ஜெர்மன் ப்ராக்டிகா, சோவியத் ஜெனித், ஜப்பானிய பென்டாக்ஸ் மூன்றுக்கும் ஒரே மரை. பனிப்போர் நடந்துகொண்டிருக்க, அந்த முகாம் லென்ஸை இந்த முகாம் காமிராவில் திருகினார்கள். மரையிலிருந்து ஃபிலிம் வரை 45.46 மி.மீ. தூரம். மிரர்லெஸ் காமிராக்களில் இந்தத் தூரம் குறைவு. சோனி ஈ மவுண்டில் 18 மி.மீ. மிச்சத்தை ஒரு வெற்று உலோகக் குழாய் நிரப்பிவிடும். சிப் வேண்டாம், யாருடைய அனுமதியும் வேண்டாம்.

இன்றைய லென்ஸில் துளையும் ஃபோகஸும் காமிரா தருகிற மின்சாரத்தில், நிறுவனம் பூட்டிவைத்த குறிமொழியில் இயங்குகின்றன. பலவற்றில் மின்சாரம் இல்லாமல் வளையத்தைத் திருகினால் ஒன்றும் நகராது. ஹீலியோஸைச் செய்த நாடு 1991ல் இல்லாமல் போனது. லென்ஸ் வேலை செய்கிறது. கிரீஸ் காய்ந்தால் கழற்றித் துடைக்கத் தெரிந்த கை போதும்.

தடியடி நடக்கிற இடத்தில் கையால் ஃபோகஸ் பண்ண முடியுமா என்று தோழர்கள் கேட்கலாம். எஃப்/8, 5 மீட்டர் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 4 முதல் 7 மீட்டர் வரை எல்லாம் துலங்கும். அடிக்கிறவர், அடி வாங்குகிறவர், பார்த்துக்கொண்டு நிற்கிறவர் எல்லோரும் படத்தில் இருப்பார்கள். சுழல் இருக்காது. அதை விரும்புகிறவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளட்டும்.