இரண்டு தாய்கள், ஒரு கேமரா

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தில் இரண்டு தாய்கள். ஒருத்தி வளர்த்தவள், சென்னையில் டி.வி. செய்தி வாசிக்கும் இந்திரா. இன்னொருத்தி ஷ்யாமா, போருக்குத் தப்பி ராமேஸ்வரம் வந்து, பிள்ளை பெற்று, அதை விட்டுவிட்டுக் கணவனைத் தேடி ஈழத்துக்கே திரும்பிப் போகிறவள். பெற்றவளா வளர்த்தவளா என்ற பழைய பட்டிமன்றத்தைப் படம் கூட்டவில்லை. வளர்த்தவளைத் தியாகச் சுடராக்கவும் இல்லை. இந்திராவுக்குக் கோபம் வருகிறது, மகள் கைநழுவிப் போவாளோ என்று அடிவயிறு கலங்குகிறது. கதாநாயகிக்கு இவ்வளவு மனசைக் கொடுத்த வணிகப் படங்கள் தமிழில் குறைவு.

ஷ்யாமாவுக்கு அது கிடைக்கவில்லை. குழந்தையை விட்டுப் போனதும், கடைசியில் மகளோடு வர மறுப்பதும் அவள் எடுத்த முடிவுகள்தான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் அவளுக்குள் என்ன நடந்தது என்பதைப் படம் காட்டுவதில்லை. நிறத்தையும் கவனிக்கலாம்: சென்னை அம்மாவுக்கு வெளுத்த சிம்ரன், அகதி அம்மாவுக்கு மாநிற நந்திதா தாஸ். தற்செயல் என்று நம்பக் கொஞ்சம் தாராள மனசு வேண்டும்.

பாலாவின் 'நந்தா'வில் (2001) லைலாவும் அகதிதான். அங்கே அவள் நாயகனின் காயத்துக்கு மருந்து, அவ்வளவே.

லீனா மணிமேகலையின் 'செங்கடல்' வேறு வழியில் போனது. தனுஷ்கோடிக் கரையின் மீனவர்களும் அகதிகளுமே நடித்தார்கள். 2011-இல் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுக்க, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வழிவிட்டது. படமெடுக்க வந்த பெண்ணாக லீனாவே திரையில் வருகிறார். கேமரா வைத்திருப்பவளின் வசதியை மறைக்காத நேர்மை அது. ஆனால் அவர் ஃபிரேமுக்குள் வரும்போதெல்லாம் கதை அவருடையதாகிவிடுகிறது, கரைக்காரர்கள் ஓரத்துக்குப் போய்விடுகிறார்கள்.

டி.வி.யில் நிலைமை இன்னும் மோசம். இலங்கைக் கடற்படை படகைப் பிடித்த அன்று பாம்பனிலும் தங்கச்சிமடத்திலும் மைக் நீள்கிறது. அழும் மனைவி சில விநாடி வந்து போகிறாள். படகுக் கடனையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தையும் அவள் எப்படிச் சமாளிக்கிறாள் என்று கேட்க மைக் மறுபடி வருவதில்லை.

இதே கரையில் பெண்கள் கடலுக்குள் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் துணி சுற்றி, இடுப்பில் பை கட்டி, மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசி வகைகளைப் பறிக்கிறார்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்பது அவர்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு. இவர்களில் ஒருவரான, பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பின் விருது கிடைத்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்காவானதிலிருந்து வனத்துறையோடு ஓயாத இழுபறி, கரையேறினால் வியாபாரி சொல்வதே விலை. ஒரு முழுநீளப் படத்துக்குத் தேவையான வில்லன்கள் இங்கே தாராளமாக இருக்கிறார்கள். கோடம்பாக்கமோ ராமேஸ்வரத்துக்குப் பெரும்பாலும் பாம்பன் பாலத்தையும் அகதியையும் தேடித்தான் வண்டி ஏறுகிறது.