ரெயின்மீட்டர்: தின்பது ஸ்கின், பழி மென்பொருளுக்கு

விண்டோஸ் திரையில் கடிகாரம், வானிலை, பேட்டரி அளவு என்று பிடித்ததையெல்லாம் பதித்துக்கொள்ள ரெயின்மீட்டர் அருமையான மென்பொருள். அப்படிப் பதிக்கும் ஒவ்வொன்றும் ஒரு 'ஸ்கின்'. இலவசம், ஓப்பன் சோர்ஸ். ஆனால் 'போட்டதிலிருந்து லேப்டாப் சூடாகிறது, ஃபேன் இரைகிறது' என்ற புலம்பலும் கூடவே வரும். ரெயின்மீட்டரோடு வரும் இல்லஸ்ட்ரோ ஸ்கின்களை மட்டும் ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரைப் பாருங்கள். சிபியுவில் அது இருக்கும் சுவடே தெரியாது. வம்பெல்லாம் பிறகு நாம் தேடித்தேடி இறக்கும் ஸ்கின்களில்தான்.

ஸ்கின் மேல் ரைட் கிளிக் செய்து 'எடிட் ஸ்கின்' கொடுத்தால் வெறும் எழுத்துக் கோப்பு ஒன்று திறக்கும். அதில் 'அப்டேட்' வரியைத் தேடுங்கள். வழக்கமான மதிப்பு 1000 மில்லி நொடி. பாட்டுக்கேற்ப ஆடும் பட்டைகள் உள்ள ஸ்கினில் 25 என்றுகூட இருக்கும். பட்டைகள் தடங்கலில்லாமல் ஆட அந்த வேகம் வேண்டும்தான். ஆனால் அதே கோப்பிலுள்ள தேதியும் ஹார்ட் டிஸ்க் அளவும்கூட நொடிக்கு 40 முறை கணக்கிடப்படும். தேதிக்கு என்ன அவசரம்? கோப்பில் தேதிக்கான பகுதியில் 'அப்டேட்டிவைடர்=2400' என்று ஒரு வரி சேர்த்தால் நிமிடத்துக்கு ஒருமுறையோடு அடங்கிவிடும். மாறவே மாறாத தகவலென்றால் -1 கொடுங்கள். ஸ்கின் ஏறும்போது படிப்பதோடு சரி.

வானிலை ஸ்கினில் இன்னொரு கண்ணி. இணையத்திலிருந்து தகவல் எடுக்கும் வெப்பார்சரின் 'அப்டேட்ரேட்' 600 என்பது 600 நொடியல்ல, 600 அப்டேட் சுற்று. அப்டேட் 1000 என்றால் 10 நிமிடத்துக்கு ஒருமுறை இணையத்துக்குப் போகும். 25 என்றால் 15 நொடிக்கு ஒருமுறை ஓடும். மழை அவ்வளவு சீக்கிரம் மனம் மாறாது!

ஸ்கினுக்கு லூவா ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் கோப்பைப் படிக்கும் வேலையை 'இனிஷியலைஸ்' ஃபங்ஷனில் வைத்தால் போதும். பலர் 'அப்டேட்' ஃபங்ஷனில் வைத்து ஒவ்வொரு சுற்றிலும் படிக்கவைக்கிறார்கள். வேறு நிரலை இயக்கும் ரன்கமாண்ட் வழியாக அடிக்கடி பவர்ஷெல்லைக் கிளப்பும் ஸ்கின் அதைவிட மோசம். அந்தச் சுமை டாஸ்க் மேனேஜரில் ரெயின்மீட்டர் பெயரிலேயே வராது.

எனக்குள்ள பெரிய குறை, எல்லா ஸ்கின்களும் ஒரே புராசஸில் ஓடுவது. எது தின்கிறது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக 'அன்லோட்' செய்து பார்ப்பதே வழி. ஸ்கின் வாரியாக சிபியு கணக்குக் காட்டும் ஒரு பக்கம் இருந்தால் இந்தத் தலைவலியே இல்லை. இப்போதைக்கு, ஆடும் பட்டைகளைத் தனி ஸ்கினாகப் பிரித்து, பாட்டு கேட்கும்போது மட்டும் ஏற்றுங்கள். மற்றவை 1000-லேயே ஓடட்டும்.