சோற்றோடு நின்றுவிடும் இரக்கம்

2016 ஜூலையில், சென்னைக்கு அருகே ஒரு மொட்டை மாடியிலிருந்து நாயைத் தூக்கி வீசும் காணொளி நாடு முழுக்கப் பரவியது. வீசியவரும் அதைப் படம் பிடித்தவரும் மருத்துவ மாணவர்கள். சில நாள் கழித்து விலங்கு ஆர்வலர்கள் அந்த நாயைக் கால் உடைந்த நிலையில் உயிரோடு கண்டுபிடித்தார்கள். மாணவர்கள் கைதாகி ஜாமீனில் வந்தார்கள். மருத்துவப் பல்கலைக்கழகம் தலா 2 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. அந்தத் தொகையை விதித்தது பல்கலைக்கழகம், மிருகவதைத் தடுப்புச் சட்டம் அல்ல. 1960இல் வந்த அந்தச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை.

விலங்கு வதைக்கு எதிரான விழிப்புணர்வு என்ன சாதிக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. ஊர் கொதித்தது, அதனால் காவல்துறை அசைந்தது. சட்டம் கைவிட்ட இடத்தில் பொதுமக்களின் கோபம் வேலை செய்தது. இதைக் குறைத்துப் பேசுவது நேர்மை ஆகாது. ஆனால் அந்தக் கொதிப்புக்கு என்னென்ன தேவைப்பட்டன என்றும் பார்க்க வேண்டும். ஒரு கேமரா இருந்தது. செய்தவர்கள் யாரென்று தெரிந்தது. செய்தது கொடுமை என்பதில் யாருக்கும் ஐயமில்லை. தெருப்பூனைகளுக்கு நடக்கும் பெரும்பாலான வதையில் இந்த மூன்றும் இருப்பதில்லை.

சாக்குப்பை விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மாடிப்படிக்கு அடியில் குட்டி போட்ட பூனையைக் குட்டிகளோடு சாக்கில் கட்டி, வண்டியில் வைத்துக் கொண்டுபோய் மீன் மார்க்கெட்டில் விட்டுவிட்டு வருவது தமிழ்நாட்டில் பல ஊர்களிலும் உள்ள வழக்கம். செய்பவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். “அங்க மீன் நிறையக் கிடைக்கும், எப்படியும் பிழைச்சுக்கும்” என்று மனதார நம்புகிறார்கள். பூனை இடத்தோடு ஒட்டி வாழும் பிராணி. எந்தச் சந்தில் நாய் வராது, எந்த மதில் இடுக்கில் மழைக்கு ஒதுங்கலாம் என்ற அறிவுதான் அதன் உயிரைக் காக்கிறது. மார்க்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் பூனைகள் புதியதை அண்ட விடாது. குட்டிகளை நாய் தூக்கும். தாய் பழைய இடத்தைத் தேடிச் சாலையில் இறங்கும். பட்டினியால் வாடக்கூடிய நிலையில் ஒரு பிராணியைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதும் அதே 1960 சட்டத்தின் 11ஆவது பிரிவில் குற்றம்தான். சாக்கைக் கட்டுகிறவருக்கு அது தெரியாது. நம் விழிப்புணர்வுப் பலகைகளும் அதைச் சொல்வதில்லை.

பலகைகள் சொல்வது “வாயில்லா ஜீவன்களிடம் அன்பு காட்டுங்கள்” என்பதுதான். சாக்கோடு போகிறவர் இதைப் படித்தால் ஆமோதித்துத் தலையாட்டுவார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றவே தோன்றாது. யாரும் மறுக்க முடியாத வாசகம் யாரையும் மாற்றுவதில்லை. இந்த முயற்சிகளின் முதல் குறை என்று இதைத்தான் சொல்வேன். அவை வதை செய்பவனை ஒரு அரக்கனாக நினைத்துக்கொண்டு பேசுகின்றன. நிஜத்தில் அவர் நம் எதிர்வீட்டு சார், கீழ்வீட்டு அக்கா. அவரிடம் அன்பு இருக்கிறது, தகவல்தான் இல்லை.

சட்டத்தைப் பற்றிய அறிவிலும் இதே பள்ளம். மாநிலங்களவையில் இருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1953இல் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடியதன் பலன்தான் மிருகவதைத் தடுப்புச் சட்டம். அன்று 50 ரூபாய் உறைக்கிற தொகை. அதை உயர்த்தாமல் விட்டது பின்வந்தவர்களின் பிழை. ஆனால் தண்டனையே கிடையாது என்று சலித்துக்கொள்வதும் இன்று சரியல்ல. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 428ஆவது பிரிவு, விலங்கின் மதிப்பு 10 ரூபாயாவது இருந்தால்தான் பொருந்தியது. தெருப்பூனைக்கு யார் விலை சொல்வது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு அந்த விலை நிபந்தனையை எடுத்துவிட்டது. எந்த விலங்கையும் கொல்வதற்கோ, விஷம் வைப்பதற்கோ, ஊனப்படுத்துவதற்கோ ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கலாம். பூனைக்கு எலி மருந்து வைப்பேன் என்று மிரட்டுகிறவரிடம் சொல்ல வேண்டியது இந்த ஒரு வரி. அன்பைப் பற்றிய பத்து வரிகளைவிட அது பயன்படும்.

மீட்புக் காணொளிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவற்றில் ஒரு பகுதி, விலங்கை வேண்டுமென்றே ஆபத்தில் தள்ளிவிட்டு எடுக்கப்படும் நாடகம் என்பது உலகெங்கும் பதிவான உண்மை. குழியில் விழுந்த குட்டிக்கு மேலே ஏற்கெனவே நல்ல கோணத்தில் ஒரு கேமரா காத்திருந்தால், அதைப் பகிராமல் இருப்பதே அந்தக் குட்டிக்குச் செய்யும் உதவி.

இனி, விழிப்புணர்வின் மிகப் பெரிய பலனாகச் சொல்லப்படும் உணவளித்தல். இதை எடைபோடுவதுதான் கடினம், ஏனென்றால் இதைச் செய்கிறவர்கள் நம்மில் மிக நல்லவர்கள். ஓய்வூதியத்தில் பாதியை மீனுக்குச் செலவிடும் பெரியவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கேட்டாக வேண்டும். பால் வைக்கிறோம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது, வயிற்றுப்போக்குதான் மிச்சம். தயிர்சாதம் வைக்கிறோம், பூனை முழுக்க முழுக்க ஊனுண்ணி, டாரின் என்ற சத்து இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும், அது சோற்றில் கிடையாது. காய்ச்சல் கண்ட பூனைக்குப் பாவம் பார்த்துப் பாதி பாராசிட்டமால் மாத்திரை கொடுத்தால் அதுவே கொன்றுவிடும்.

சரியான உணவே வைத்தாலும் கேள்வி தீரவில்லை. எங்கள் தெருவில் ஒரு மூவண்ணப் பெட்டைப்பூனை இருந்தது. நன்றாகச் சாப்பிட்டது, நன்றாக ஈன்றது. ஒரு ஈற்றில் குட்டிகளின் இமைகள் சீழில் ஒட்டிக்கொண்டன. வெதுவெதுப்பான உப்புநீரில் பஞ்சை நனைத்து ஒற்றி ஒற்றித் துடைத்தால் மஞ்சள் பொருக்கு இளகி வரும். ஒரு குட்டிக்கு இமை பிரிந்தபோது உள்ளே விழி வெந்த முட்டை போல வெளுத்திருந்தது. தாய் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. அதன் வயிறு மறுபடியும் உப்பத் தொடங்கியிருந்தது.

பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம்தான். நான்கைந்து மாதக் குட்டியே சினையாகிவிடும். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினை பிடிக்கும். பிறக்கிற குட்டிகளின் கதி என்ன? அமெரிக்காவின் வட கரோலைனாவில் நடந்து 2004இல் வெளியான ஓர் ஆய்வு, தெருவில் பிறந்த 169 குட்டிகளைப் பின்தொடர்ந்தது. ஆறு மாதம் ஆவதற்குள் 127 குட்டிகள் இறந்துபோயின அல்லது காணாமல் போயின. நம் தெருக்களில் வண்டியும் நாயும் குறைவில்லை. இங்கே நிலைமை மேலாக இருக்கும் என்று நம்புவதற்குக் காரணம் எதையும் நான் காணவில்லை. ஆகவே கருத்தடை செய்வது பாவம், தாய்மையைப் பறிப்பது என்று சொல்பவர்களுக்கு என் மறுமொழி இதுதான்: நீங்கள் காப்பாற்ற நினைக்கும் அந்தத் தாய்மை, ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தன் குட்டிகளின் சாவைப் பார்ப்பது.

கருத்தடைதான் வழி என்பதை நாய்களின் விஷயத்தில் சென்னை கண்டுகொண்டது. தெருநாய்களைப் பிடித்துக் கொல்வதுதான் நெடுங்காலம் மாநகராட்சியின் வழி. 1959இல் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதற்குப் பதில் கருத்தடை என்று 1960களிலிருந்தே வற்புறுத்தியது. 1996இல்தான் மாநகராட்சி அந்த வழிக்கு வந்தது. ஊர் மனம் இளகியதால் மட்டும் கொலை நிற்கவில்லை. அதற்கு மாற்றாக, செய்யக்கூடிய ஒரு வேலை கையில் இருந்ததால் நின்றது. பூனைக்கு அந்த வேலை ஏன் பரவவில்லை? மனிதருக்கு வெறிநோய் பெரும்பாலும் நாய்க்கடியால் வருகிறது, அதனால் பணமும் வண்டியும் மையங்களும் நாயைச் சுற்றியே அமைந்தன. அந்த முன்னுரிமையை நான் குறை சொல்ல மாட்டேன். அதே மையங்களில் பூனைக்கு வாரத்தில் ஒரு நாள்கூட ஒதுக்கச் சொல்லி நாம் கேட்கவில்லை என்பதைத்தான் குறை சொல்கிறேன்.

கருத்தடைக்கும் எல்லை உண்டு, அதையும் சொல்லாவிட்டால் இந்த எடை சரியாகாது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செய்தால் அந்தந்தப் பூனைக்கு நல்லது, தெருவில் எண்ணிக்கை குறையாது. ஒரு தெருவின் பூனைகளில், அதுவும் பெட்டைகளில், பெரும்பாலானவற்றுக்குச் செய்தால்தான் குட்டி வரத்து நிற்கும். மார்க்கெட்டிலிருந்தோ பக்கத்துத் தெருவிலிருந்தோ சாக்கில் புதியவை வந்து இறங்கினால் பாடுபட்டதெல்லாம் வீண். அக்கம்பக்கத்தார் குறையையும் ஒதுக்கக் கூடாது. படிக்கட்டில் மூத்திர நாற்றம், வண்டி சீட்டில் நகக்கீறல், நடுராத்திரிச் சண்டை, எல்லாம் நிஜம். கடுவன்களுக்குக் கருத்தடை செய்தால் இவற்றில் நாற்றமும் சண்டையும் பெரிதும் அடங்கும். உணவு வைப்பவர் மிச்சத்தை அள்ளாமல் செய்தித்தாளோடு படியிலேயே விட்டுவிட்டுப் போனால், அடுத்து வரும் எலி மருந்துக்கு அவரும் ஒரு காரணம் ஆகிறார்.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். இன்று நடைபெறும் விழிப்புணர்வு, கண்ணுக்குத் தெரியும் கொடுமையைத் தண்டிப்பதில் வென்றிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத, கெட்ட எண்ணமே இல்லாத வதையைத் தடுப்பதில் தோற்றிருக்கிறது. உணவளிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டதால், சில இடங்களில் துன்பத்தைக் கூட்டவும் செய்திருக்கிறது. சோறு வைப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. கருத்தடைக்காகக் கூண்டு வைத்துப் பிடிக்க வேண்டுமானால், தினமும் ஒரே நேரத்தில் அதே இடத்தில் மீன் வைத்துப் பழக்கியவரால்தான் முடியும். எந்தப் பெட்டை சினையாக இருக்கிறது, எது நேற்று புதிதாக வந்தது, கருத்தடை ஆனதற்கு அடையாளமாக எதன் காது நுனி ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அந்த ஒருவருக்குத்தான் தெரியும். அந்த அறிவு ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறது. பிரச்சாரங்கள் அடுத்துக் கேட்க வேண்டியது, அவர் கைக்கு ஒரு கூண்டும், மாநகராட்சி மையத்தில் பூனைகளுக்கென்று ஒரு நாளும்.