சேற்றுக்கும் பூர்வீகம் உண்டு

வெள்ளம் வடிந்ததும் பரமத்திவேலூர்க் காவிரிக்கரை வண்டலை விரலில் தேய்த்துப் பாருங்கள். மாவு போல நைசாக ஒட்டும்; நடுவில் மக்கிய கரும்புச் சோகையின் நார் ஒன்று நெருடும். இதில் கொஞ்சம் என்றாவது பூம்புகார் தாண்டிக் கடலடியில் படியும். அந்தக் கடல் சேற்றில் எது தரைச் செடி, எது கடல் பாசி என்று பிரித்துச் சொல்லும் வித்தைக்கு நான் ரசிகன்.

கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் முதல் தடயம். புரதம் மிகுந்த கடல் நுண்பாசியில் அது ஆறேழுதான். நார் மிகுந்த தரைச் செடிகளில் 20-ஐத் தாண்டும். ஆனால் நுண்ணுயிர்கள் தின்று தின்று கணக்கைக் கலைத்துவிடும்.

கார்பன்-13 அளவுதான் சுவாரஸ்யம். ஒரு பொது அளவுகோலைவிட எவ்வளவு குறைவு என்று பார்த்தால், நெல், வாழை, மரவள்ளிக்கு ஆயிரத்துக்குக் கழித்தல் 27 வாக்கில். கரும்பு, சோளத்துக்குக் கழித்தல் 13. கடல் பாசி கழித்தல் 20-ஐ ஒட்டி நிற்கும். குறும்பைக் கவனியுங்கள்: மோகனூர்க் கரும்பும் பரமத்திவேலூர் வாழையும் சரிபாதி கலந்தால் அச்சு அசல் கடல் பாசிதான்! அப்போது லிக்னினைத் தேடுவார்கள். மரத்துக்கு விறைப்பு தரும் அந்தப் பொருள் நுண்பாசியிடம் கிடையாது, குட்டு வெளிப்பட்டுவிடும்.

இந்தச் சேறு வரும் வழியையும் பாருங்கள்: 1934 முதல் மேட்டூர் அணை மேலிருந்து வரும் வண்டலில் பெரும்பங்கைப் பிடித்துக்கொள்கிறது. அணைக்குக் கீழே சேலத்துச் சாக்கடையோடு திருமணிமுத்தாறு வந்து சேர்கிறது. கழிவுநீருக்கும் அடையாளம் உண்டு: நைட்ரஜன்-15 தூக்கலாக இருக்கும்.