பனியின் ஆழமும் நீரின் எடையும்

மலைமேற் பனி உருகி ஆறாகப் பாய்கின்றது என்று ஒரே வரியிற் கூறி, நிலநூற் பாடத்தை நகர்த்திவிடும் வழக்கம் பள்ளிகளில் உண்டு. அவ்வரி பிழையன்று, ஆயினும் பயன் குறைந்தது. எவ்வளவு பனி எவ்வளவு நீராகும், அந்நீர் எப்போது வந்து சேரும் என்னும் இரு வினாக்களுக்கும் அதில் விடையில்லை.

போதாக்குறைக்குப் புல்நுனித் துளியும், காலை மூட்டமும், மலையில் ஆளுயரம் குவிவதும் தமிழில் பனி என்றே வழங்குகின்றன. மலையிற் குவிவதைப் பனிக்கட்டி என்று எழுதுவோரும் உளர். கட்டி வேறு, வெண்பனி வேறு. புதிதாய் விழுந்த வெண்பனியிற் பெரும்பகுதி காற்றே. அது பத்து அங்குலம் உருகினால் ஏறத்தாழ ஓர் அங்குல நீர்தான் கிடைக்கும். குளிர்காலம் முழுதும் அழுந்திக் கிடந்து இளவேனிலை எட்டிய பனியோ, அதே பத்து அங்குலத்தில் நான்கு அங்குல நீரும் தரலாம். ஆழத்தை மட்டும் அளந்தவன் நீரை அளந்தவனாகான்.

இதற்கு ஒரு கருவி கண்டவர் பொறியியலார் அல்லர், மொழியாசிரியர்! அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழகத்தில் இலத்தீன் கற்பித்த ஜேம்ஸ் எட்வர்டு சர்ச், ரோசு மலையில் ஆய்வு நடத்தி, 1909-ஆம் ஆண்டளவில் பனி எடுக்கும் குழாயொன்றை அமைத்தார். குழாயைப் பனியின் அடிவரை செலுத்தி, உள்ளே நின்ற பனியோடு நிறுத்து, வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் நீரின் அளவு தெரியும். இன்று வழங்கும் இவ்வகைக் குழாயின் வாய் ஏறத்தாழ ஒன்றரை அங்குல விட்டமுடையது. உள்ளிருக்கும் பனியின் ஓர் அவுன்சு எடை ஓர் அங்குல நீருக்குச் சமம். கணக்கின் அழகு இது. தாகோ ஏரியின் நீர்மட்டம் பற்றிக் கரைவாழ்வோருக்கும் கீழ்ப்பகுதியில் நீரை நாடியோருக்கும் எழுந்த பூசலில், சர்ச்சின் முன்னறிவிப்பு பெரிதும் உதவியது.

கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தது, கோடை வறண்டது. அம்மாநிலத் தேவையில் ஏறக்குறைய முப்பது விழுக்காட்டு நீரைச் சியரா நெவாடா மலைப்பனி சேமித்துத் தருகின்றது. 2015 ஏப்ரல் 1 அன்று, வழக்கமாக ஐந்தடிப் பனி கிடக்கும் இடத்தில் ஆளுநர் செரி பிரவுன் காய்ந்த புல்மேல் நின்று, நகரங்கள் நீர்ச் செலவை நான்கில் ஒரு பங்கு குறைக்க ஆணையிட்டார். அவ்வாண்டுப் பனி, வழக்கமான அளவில் ஐந்து விழுக்காடே.

எனினும் சர்ச்சின் முறையைக் குறையற்றதெனக் கொள்ளலாகாது. பனி வழக்கத்தில் எத்தனை விழுக்காடோ, ஆற்றுநீரும் அத்தனை விழுக்காடு என்பது அவர் கருத்து. 2021 வசந்தத்தில் சியராவின் பனி அறுபது விழுக்காட்டை ஒட்டி நின்றது. ஆற்றுக்கு வந்ததோ முன்னறிவித்ததினும் மிகக் குறைவு. முந்திய வறட்சியில் உலர்ந்த மண் உருகுநீரை முதலிற் குடித்துவிட்டது. பனியை நிறுத்தவர்கள் மண்ணின் தாகத்தைப் போதிய அளவு கணக்கிற் கொள்ளவில்லை. வானூர்தியிலிருந்து ஒளிக்கதிரால் பனியின் ஆழத்தை அளக்கும் இந்நாளிலும், அதன் அடர்த்தியும் அடியிலுள்ள மண்ணின் ஈரமும் தெரியாமல் கணக்கு நிறைவுறாது.

வெண்பனி காணாத மலேசிய மாணவர்க்கு இதை விளக்க மலையேற வேண்டுவதில்லை. ஐஸ் கச்சாங் கடையிற் சீவிய ஐஸை இரு கண்ணாடிக் குவளைகளில் ஒரே உயரத்துக்கு இடுக. ஒன்றைத் தளர்வாகவும் மற்றொன்றை அழுத்தியும் நிரப்புக. உருகியபின் இரண்டிலும் நின்ற நீரை மாணவரே அளந்து எழுதட்டும்.