கோட்டிக்காரன் கதை கேட்பது

"ஏட்டி, அந்தக் கோட்டிக்காரன் கதையப் போடு."

சனிக்கிழமை மதியம் செங்கோட்டைப் பாசஞ்சரில் அம்பாசமுத்திரம் போய் இறங்கி, வீட்டுக்குள் பையை வைப்பதற்குள் அம்மாவின் குரல் வந்துவிடும். இரண்டு கண்ணிலும் புரை. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறோம். அதுவரைக்கும் என் கைபேசிதான் அவளுக்குப் புத்தகம். கோட்டிக்காரன் என்று அவள் சொல்வது தேவனின் துப்பறியும் சாம்புவை.

1940களில் ஆனந்த விகடனில் வந்த கதைகள் இவை. சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா. எல்லாரும் அசடு என்று ஒதுக்கிய ஆள். தன்னைப் பெரிய துப்பறிவாளனாக நினைத்துக்கொண்டு எதையாவது உளறுவான், எங்காவது தடுக்கி விழுவான். விழுந்த இடத்தில் திருடன் இருப்பான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அந்த உளறலுக்கெல்லாம் ஆழ்ந்த பொருள் கண்டுபிடித்து வியந்து நிற்பார். இருபது ஆண்டு கழித்து, 1963இல், பிங்க் பாந்தர் படத்தில் இன்ஸ்பெக்டர் க்ளூஸோ இதே போலத் தடுமாறி உலகத்தைச் சிரிக்கவைத்தார். நமக்கு சாம்பு முன்னாலேயே வந்துவிட்டான்.

தேவன் மறைந்தது 1957இல். ஆசிரியர் இறந்து அறுபது ஆண்டு என்ற பதிப்புரிமைக் கணக்குப்படி 2018 தொடங்கும்போது அவர் எழுத்து எல்லார்க்கும் பொதுவாகிவிட்டது. இன்று யாரும் அதை வாசித்துப் பதிவு செய்யலாம்.

எனக்கு இதில் கொஞ்சம் வெட்கம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தமிழ்த் துறையில் இருக்கிறவள் வார இறுதியில் என்ன வாசித்தாய் என்று கேட்டால் சொல்வதற்கென்று சில பெயர்கள் வைத்திருக்க வேண்டும். நகைச்சுவைத் துப்பறியும் கதை அந்தப் பட்டியலில் வராது. அதைக் காதால் கேட்டேன் என்றால், "அப்ப வாசிக்கல" என்று திருத்துவார்கள். இந்த இரண்டு இளக்காரங்களையும் நான் அம்மாவை வைத்தே யோசித்துப் பார்க்கிறேன்.

அம்மா முப்பது வருடம் பீடி சுற்றியவள். மடியில் சுளகு, சுளகில் இலையும் தூளும் கத்தரியும் நூலும். எங்கள் வளவில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து சுற்றுவார்கள். கைக்கு ஓயாத வேலை, கண்ணையும் இலையிலிருந்து எடுக்க முடியாது. காது மட்டும்தான் சும்மா இருக்கும். அந்தக் காதுகளுக்குத் திருநெல்வேலி வானொலி இருந்தது, இலங்கை வானொலி இருந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் நான் இருந்தேன். ராணியில் வரும் தொடர்கதை, ராணி முத்து, யாராவது இரவல் தரும் பாக்கெட் நாவல் என்று எது கிடைத்தாலும் சத்தமாக வாசிப்பேன்.

பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா கதைகள் என்றால் வளவே கலகலக்கும். ஆனால் சுசீலா அணிந்துவரும் டி‑ஷர்ட் வாசகம் வரும் இடத்தில் பன்னிரண்டு வயதுக்காரியான எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிடுவேன். "என்னளா, நடுவுல முழுங்குத?" என்று ஒரு சித்தி கேட்பாள். மற்றவர்கள் இலையைப் பார்த்தபடி சிரிப்பார்கள். பெண்ணின் உடம்பைச் சிரிப்பாக்கும் ஒரு வரியைக் கண்ணால் ஓடிக் கடந்துவிடலாம். வாயால் சொல்லும்போது அது யாருக்காக எழுதப்பட்டது என்பது தொண்டையிலேயே தெரிந்துவிடும். பெண்ணிய வாசிப்பு என்ற சொல்லைக் கேள்விப்படுவதற்குப் பல வருடம் முன்னால் எனக்குக் கிடைத்த பாடம் அது.

கியூபாவில் சுருட்டுத் தொழிற்சாலைகளில் தொழிலாளர்களுக்கு நாவல் வாசித்துக் காட்ட ஆள் வைக்கும் வழக்கம் 1860களில் தொடங்கியது என்று பின்னாளில் படித்தேன். அதற்குத் தொழிலாளர்களே தங்கள் கூலியிலிருந்து பணம் கொடுத்தார்கள். எனக்கு ஒரு கைப்பிடி பொரிகடலை கொடுத்தார்கள். புகையிலையோடு மாரடிக்கிறவர்கள் கதை கேட்பதை உலகம் அங்கே ஒரு மரபாகப் பதிந்துவைத்திருக்கிறது. முக்கூடலிலும் வீரவநல்லூரிலும் மேலப்பாளையத்திலும் கேட்டுக்கொண்டே சுற்றிய பெண்களை வாசகர் என்று எந்த இலக்கிய வரலாறும் எண்ணவில்லை.

அவர்கள் சாதாரணக் கேள்வியாளர்களும் இல்லை. கதையில் பாதி தாண்டுவதற்குள் குற்றவாளியைச் சொல்லிவிடுவார்கள். அம்மாவுக்கு அந்தப் பழக்கம் இன்னும் போகவில்லை. சாம்பு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போது, "வீட்டுச் சாவி யாருட்ட இருக்குன்னு ஒருத்தனும் கேக்கலயே" என்பாள்.

இங்கே அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1930இல் அவள் முதல் நாவல் வந்தது. கிராமத்துக் கிழவி, கையில் பின்னல் ஊசி, எல்லார் பேச்சும் காதில் விழும். அவள் அறிவை யாரும் எளிதில் நம்புவதில்லை. ஒவ்வொரு தடவையும் நிரூபித்துத்தான் ஆகவேண்டும். சாம்புவுக்கோ அறிவே வேண்டாம். அவன் அசட்டுத்தனத்தை அறிவு என்று மொழிபெயர்க்க ஒரு இன்ஸ்பெக்டர் தயாராக இருக்கிறார். இரண்டு பேரையும் பக்கத்தில் நிறுத்தினால் நான் வேலை பார்த்த இடங்களின் கூட்ட அறைகள் ஞாபகத்துக்கு வருகின்றன. நான் சொன்னபோது காற்றில் போன யோசனை, பத்து நிமிடம் கழித்து ஒரு ஆண் குரலில் வந்ததும் குறிப்பேட்டில் ஏறியதுண்டு. தேவன் இதை நினைத்து எழுதினார் என்று சொல்லமாட்டேன். ஆனால் அதிகாரம் எப்படி ஒரு ஆணின் உளறலைத் தாங்கிப் பிடிக்கிறது என்பதை இதைவிடச் சிரிப்பாகக் காட்டிய தமிழ் எழுத்து எனக்குத் தெரியாது. அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "இவன் கோட்டி இல்லட்டி. அந்த இன்ஸ்பெக்டருதான் கோட்டி."

நாங்கள் கேட்கும் பதிவில் வாசிப்பவர் ஒரு பெண். கோபாலனின் வியப்பும் சாம்புவின் குழப்பமும் அவன் மனைவி வேம்புவின் பேச்சும் ஒரே பெண் தொண்டையிலிருந்து வருகின்றன. அச்சில் இன்ஸ்பெக்டரின் பாராட்டு வெறும் பாராட்டு. ஒரு பெண் அதைச் சற்று இழுத்துச் சொல்லும்போது அதற்குள் ஒரு கேலி ஏறிவிடுகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒன்று காதுக்குத் தெரிகிறது: வேம்புவின் குரல் எவ்வளவு நேரம் வராமல் இருக்கிறது என்பது. வெளியே வழக்கு நடக்கிறது, அவள் வீட்டில் இருக்கிறாள். அவள் துப்பறிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நானும் அம்மாவும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசியிருக்கிறோம்.

ஒரு நாள் அம்மா சிரிக்கவில்லை. நகை காணாமல் போய், வீட்டு வேலைக்காரர்களை விசாரிக்கும் பேச்சு வந்தது. துப்பறியும் கதைகளில் சந்தேகம் முதலில் அங்கேதான் போகும். அதை நிறுத்தச் சொன்னாள். நான் பிறப்பதற்கு முன் அவள் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்தாளாம். ஒரு மூக்குத்தி காணவில்லை என்று அவள் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னார்களாம். இரண்டு நாள் கழித்துத் தலையணை உறைக்குள் மூக்குத்தி கிடைத்தது. யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் பீடிக்கு உட்கார்ந்தாள். நாற்பத்து மூன்று வயதில் இதை முதல்முறையாகக் கேட்கிறேன்.

பிறகு எதற்கு இந்தக் கதையைக் கேட்கிறாய் என்றேன்.

"இவன் கதையில களவுபோனது கெடச்சிருதுல்லா. ஒருத்தரையும் போட்டு அடிக்கவும் இல்ல. அதான் புடிக்கி."

லேசான கதை என்று நாம் தள்ளிவைப்பதைப் பற்றி இத்தனை துல்லியமான விமர்சனத்தை நான் எந்தக் கருத்தரங்கிலும் கேட்டதில்லை. குற்றம் உண்டு, ஆனால் ஏழை உடம்பில் லத்தி விழாத ஒரு ஊர். அப்படி ஒரு ஊரில் அரை மணி நேரம் இருக்க அவளுக்கு உரிமை இருக்கிறது. அந்த ஊரில் வேலைக்காரியை ஏன் முதலில் கேட்கிறார்கள் என்று கேட்க எனக்கும் உரிமை இருக்கிறது. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

வை. மு. கோதைநாயகி அம்மாளின் முதல் படைப்பான 'இந்திரமோகனா' நாடகத்தை அவர் கையால் எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். எழுதப் பழகாத ஒரு பெண் வாய்விட்டுச் சொல்லித் தொடங்கி, 1925இலிருந்து ஜகன்மோகினியை நடத்தி, 115 நாவல்கள் தந்தார். தமிழ்ப் பெண் எழுத்தின் ஒரு வேர் சொல்வதிலும் கேட்பதிலும் இருக்கிறது. கேட்பது வாசிப்பாகாது என்பவர்கள் இதை எங்கே வைப்பார்கள்?

ஞாயிறு மாலை திரும்பும்போது ரயிலில் விட்ட இடத்திலிருந்து நான் தனியே கேட்பேன். கல்லிடைக்குறிச்சிக்கு முன்னால் ஆற்றுப் பாலத்தில் ஒரு தடவை சத்தமாகவே சிரித்துவிட்டேன். எதிரே இருந்த பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பொம்பளை சிரிச்சாப் போச்சு என்று வளர்க்கப்பட்ட கை, தானாக வாயைப் பொத்தப் போனது. பாதியில் இறக்கிவிட்டேன்.

பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் மெதுவாகக் கேட்டாள்: "என்ன கேக்கீங்கக்கா?"

ஒரு காதுக்கருவியை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.